கொல்லைப்புறக் கணப்பு: அமெரிக்க வீடுகளில் திறந்த நெருப்பின் வரலாறு

வீட்டின் பின்புறத் திறந்தவெளியில் குளிர்காய்வதற்கும் கூடி உட்கார்ந்து பேசுவதற்கும் அமைக்கப்படும் நெருப்பிடமே கொல்லைப்புறக் கணப்பு. கல்லடுக்கிய தீக்குழி, இரும்புத் தொட்டி, மண் கணப்பு, எரிவாயு மேசை எனப் பல வடிவங்களில் இது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வீடுகளில் காணப்படுகிறது. சமைப்பதற்கு இது தேவையில்லை. வீட்டைச் சூடாக்கவும் தேவையில்லை. அந்த வேலைகளை வீட்டுக்குள் இருக்கும் வேறு கருவிகள் செய்துவிடுகின்றன. ஆயினும் புதிதாக வீடு வாங்குவோர் பலர் பின்புறத்தில் எந்த வகை நெருப்பை வைக்கலாம் என்று யோசிக்கின்றனர்.

இந்த யோசனைக்கு நெடிய வரலாறு உண்டு. வீட்டில் நெருப்பை வைத்த ஒவ்வொரு தலைமுறையும் மூன்று கேள்விகளுக்கு விடை தேடியிருக்கிறது. புகை எங்கே போகும்? சூடு யாரைச் சேரும்? தீ பரவாமல் யார் பார்ப்பது? நெருப்பு நடுக்கூடத்திலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து இரும்புப் பெட்டிக்கும், அங்கிருந்து கொல்லைப்புறத்துக்கும் நகர்ந்த கதை இந்த மூன்று கேள்விகளின் கதையே.

சொல்லும் பொருளும்

குளிர்காய்வதற்கான நெருப்பைத் தமிழில் கணப்பு என்பர். பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான நெடுநல்வாடை, வாடைக்காலத்தில் மக்கள் குளிர்காய்ந்த அகன்ற வாயுடைய சட்டியைத் தடவு என்று குறிப்பிடுகிறது. உதகமண்டலம், கொடைக்கானல் ஆகிய மலை ஊர்களின் பழைய பங்களாக்களில் சுவரோடு சேர்ந்த கணப்பும் கூரைமேல் புகைபோக்கியும் இருக்கும். அவை ஆங்கிலேயர் கொண்டுவந்த அமைப்பு. அமெரிக்காவுக்குச் சென்றதும் அதே ஆங்கில மரபுதான்.

இலத்தீன் மொழியில் வீட்டு அடுப்பிடத்தைக் குறித்த சொல் ஃபோகஸ். ஒளிக்கதிர்கள் குவியும் புள்ளிக்கு அச்சொல்லை 1604ஆம் ஆண்டில் வானியலறிஞர் கெப்ளர் பயன்படுத்தினார். அதன் பிறகு அறிவியலில் அது குவியம் என்ற பொருளில் நிலைத்தது. வீட்டார் அனைவரும் வந்து கூடும் இடம் அடுப்பிடம் என்பதை இச்சொல்லின் வரலாறு நினைவூட்டுகிறது.

நடுக்கூடத்து நெருப்பு

இடைக்கால இங்கிலாந்தின் பெரிய வீடுகளில் நெருப்பு கூடத்தின் நடுவில் தரையிலேயே எரிந்தது. புகைபோக்கி கிடையாது. புகை மேலே எழுந்து, கூரையில் விட்டிருந்த திறப்பு வழியாக மெல்ல வெளியேறும். கென்ட் மாவட்டத்தில் உள்ள பென்ஸ்ஹர்ஸ்ட் மாளிகையின் கூடம் 1341இல் கட்டப்பட்டது. அதன் நடுவில் எண்கோண வடிவக் கணப்பிடத்தை இன்றும் பார்க்கலாம். சுற்றி எல்லாப் பக்கமும் ஆட்கள் உட்காரலாம் என்பது இவ்வமைப்பின் நன்மை. கண்ணெரிச்சலும் கரி படிந்த கூரையும் அதற்குக் கொடுத்த விலை.

இரவில் நெருப்பை மூடி வைப்பது அக்காலத்தில் ஊர்க் கட்டளையாக இருந்தது. ஊரடங்கைக் குறிக்கும் கர்ஃப்யூ என்ற ஆங்கிலச் சொல், நெருப்பை மூடு என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது. வைக்கோல் கூரைகள் நெருங்கி நின்ற ஊரில் ஒரு வீட்டின் அணையாத கங்கு ஊரையே எரித்துவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம்.

அமெரிக்க மண்ணில் ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இந்தச் சிக்கலுக்கு நேர்த்தியான விடை கண்டவர்கள் உண்டு. கொலராடோ மாநிலத்தின் மெசா வெர்டே குன்றுகளில் வாழ்ந்த பழங்குடி மக்கள் கிவா எனப்படும் வட்ட வடிவ நிலவறைகளைக் கட்டினர். சடங்குகளுக்கும் கூட்டங்களுக்கும் பயன்பட்ட அவ்வறைகளின் தரையில் தீக்குழி இருந்தது. வெளிக்காற்று ஒரு குழாய்வழி மூலம் கீழே இறங்கி அறைக்குள் வரும். அது நேராக நெருப்பின் மீது வீசாதபடி இடையில் ஒரு தடுப்புக்கல்லோ சிறு சுவரோ நின்றது. புகை கூரைத் துளை வழியாக மேலேறியது. ஏணியில் ஆட்கள் ஏறி இறங்கிய வழியும் அந்தத் துளைதான். நெருப்பு நன்றாக எரியவும் புகை வெளியேறவும் புதுக்காற்று உள்ளே வரவேண்டும் என்ற அறிவு இதில் தெளிவாகத் தெரிகிறது.

புகைபோக்கியின் வருகை

இங்கிலாந்தில் 12ஆம் நூற்றாண்டளவில் கோட்டைகளில் சுவரோடு சேர்ந்த கணப்பும் புகைபோக்கியும் தோன்றின. சாதாரண மக்களின் வீடுகளுக்கு அவை வர மேலும் நானூறு ஆண்டுகள் ஆயின. எசெக்ஸ் மாவட்டப் பாதிரியாரான வில்லியம் ஹாரிசன் 1577இல் வெளியான தம் நூலில், ஊர்ப் பெரியவர்கள் தம் வாழ்நாளில் கண்ட பெரிய மாற்றங்களுள் ஒன்றாகப் புகைபோக்கிகள் பெருகியதைச் சொன்னதாக எழுதியுள்ளார். புகைபோக்கி வந்த பிறகு சளியும் தலைவலியும் கூடிவிட்டன என்பது அவர் குறை. முன்பு புகை வீட்டு மரங்களை உறுதியாக்கியது, வீட்டாரை நோயிலிருந்து காத்தது என்று மக்கள் நம்பியதையும் அவர் பதிவு செய்துள்ளார். புகை நுரையீரலுக்குக் கேடு என்பது தெரிந்த இன்றைய நாளில் இக்கருத்து வியப்பளிக்கும்.

கணப்பு எத்தனை என்பது வீட்டின் வசதியைக் காட்டும் அளவுகோலாகவும் ஆயிற்று. 1662இல் ஆங்கில அரசு கணப்பு வரி விதித்தது. ஒரு கணப்புக்கு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங். வரி கேட்டு அலுவலர்கள் வீட்டுக்குள் வந்து கணப்புகளை எண்ணியதை மக்கள் வெறுத்தனர். 1689இல் அது நீக்கப்பட்டது.

குடியேற்றக் காலம்

17ஆம் நூற்றாண்டில் நியூ இங்கிலாந்துப் பகுதியில் குடியேறிய ஆங்கிலேயர் வீட்டின் நடுவில் பெரிய புகைபோக்கித் தூண் எழுப்பி, அதைச் சுற்றி அறைகளை அமைத்தனர். ஒரே தூணில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு கணப்பு. செங்கல்லிலும் கருங்கல்லிலும் ஏறிய சூடு இரவில் சற்று நேரம் தங்கும். சமையல், துணி உலர்த்தல், இரவு வெளிச்சம், பிள்ளைகளின் பாடம் எல்லாம் சமையலறைக் கணப்பின் முன்னேதான் நடந்தன.

தொடக்கத்தில் கல்லும் சுண்ணாம்பும் கிடைக்காதவர்கள் மரத்தால் புகைபோக்கி கட்டி உட்புறம் களிமண் பூசினர். களிமண் உதிர்ந்தால் புகைபோக்கியே தீப்பிடிக்கும். 1631இல் பாஸ்டனில் ஏற்பட்ட தீக்குப் பிறகு மரப் புகைபோக்கியும் புல் வேய்ந்த கூரையும் கூடாது என்று ஊர்க் கட்டளை பிறந்தது. டச்சுக்காரர் ஆட்சியில் இருந்த நியூ ஆம்ஸ்டர்டாமில், அதாவது இன்றைய நியூயார்க்கில், 1648இல் ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் மரப் புகைபோக்கிகளைத் தடைசெய்து, அவற்றைப் பார்வையிடக் காவலர்களையும் அமர்த்தினார். வீட்டு நெருப்பு வீட்டுக்காரரின் சொந்த விவகாரம் மட்டும் அல்ல என்ற கொள்கை அமெரிக்காவில் இவ்வாறு மிக முன்பே வேரூன்றியது.

பிராங்கிளின் செய்த மாற்றம்

பெஞ்சமின் பிராங்கிளின் 1706இல் பாஸ்டனில் பிறந்து பிலடெல்பியாவில் அச்சுத்தொழில் செய்தவர். தீப்பாதுகாப்பில் அவருக்கு இருந்த அக்கறை பெரிது. 1735இல் தம் செய்தித்தாளில் தீ விபத்துகள் குறித்து எழுதினார். ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குக் கனலைத் திறந்த கரண்டியில் எடுத்துச் செல்லாதீர்கள், மூடியுள்ள பாத்திரத்தில் எடுத்துச் செல்லுங்கள் என்று அதில் அறிவுறுத்தினார். மறு ஆண்டு, 1736இல், யூனியன் தீயணைப்புக் குழு என்ற தன்னார்வக் குழுவை அமைத்தார்.

அடுத்து அவர் கணப்பின் பக்கம் திரும்பினார். நூறு ஆண்டுகளுக்கு முன் வாசலிலேயே கிடைத்த விறகு, இப்போது சில ஊர்களுக்கு நூறு மைல் தொலைவிலிருந்து வரவேண்டியிருக்கிறது என்று அவர் 1744இல் எழுதிய சிறுநூலில் குறிப்பிட்டார். பெரிய வாய் கொண்ட கணப்பில் சூட்டின் பெரும்பகுதி புகையோடு மேலே போய்விடுகிறது. நெருப்பு கேட்கும் காற்றுக்காகக் கதவிடுக்குகளில் குளிர்காற்று உள்ளே பாய்கிறது. உட்கார்ந்திருப்பவருக்கு முன்பக்கம் சுடுகிறது, முதுகு உறைகிறது.

இதற்குத் தீர்வாக 1740களின் தொடக்கத்தில் அவர் அமைத்தது பென்சில்வேனியக் கணப்பு. வார்ப்பிரும்புத் தகடுகளால் ஆன இப்பெட்டி பழைய கணப்புக்குள்ளேயே பொருந்தும். முன்பக்கம் திறந்திருப்பதால் சுவாலை கண்ணுக்குத் தெரியும். நெருப்புக்குப் பின்னால் உள்ளீடற்ற ஒரு காற்றுப்பெட்டி உண்டு. தரைக்கடியிலிருந்து வரும் புதுக்காற்று அதில் புகுந்து சூடேறிப் பக்கத் துளைகள் வழியாக அறைக்குள் வரும். புகை மேலெழுந்து, காற்றுப்பெட்டியின் பின்புறம் கீழிறங்கி, தரையடி வழியாகச் சென்று புகைபோக்கியில் ஏறும். இவ்வளவு சுற்றி வருவதற்குள் அதன் சூட்டை இரும்பு வாங்கிக்கொள்ளும்.

இதற்கு உரிமம் தர மாநில ஆளுநர் முன்வந்தபோது பிராங்கிளின் ஏற்கவில்லை. பிறர் கண்டுபிடிப்புகளால் நாம் பயன்பெறுகிறோம், நம்முடையதும் பிறருக்கு இலவசமாகப் பயன்படட்டும் என்பது அவர் நிலை. லண்டன் வணிகர் ஒருவர் சிறு மாற்றம் செய்து உரிமம் பெற்றுப் பணம் சேர்த்ததையும் அவர் தம் தன்வரலாற்றில் கோபமின்றியே குறிப்பிடுகிறார்.

ஆனால் கருவியில் ஒரு குறை இருந்தது. புகையைக் கீழே இறக்கி மீண்டும் ஏற்றும் வழி, புகைபோக்கி நன்கு சூடான பிறகே சரியாக இயங்கியது. நெருப்பு மூட்டும்போதும் தணியும்போதும் புகை அறைக்குள்ளேயே திரும்பியது. பின்வந்தவர்கள் அச்சுற்றுவழியை நீக்கி எளிமையாக்கினர். இன்று பிராங்கிளின் அடுப்பு என்ற பெயரில் அறியப்படுவது பெரும்பாலும் அந்த எளிய வடிவமே. முதுமையிலும் அவர் இச்சிக்கலை விடவில்லை. தன் புகையைத் தானே எரித்துவிடும் அடுப்பு ஒன்றைப் பற்றி 1785இல் விரிவாக எழுதினார்.

ரம்போர்டின் திருத்தம்

கணப்பைத் திருத்திய மற்றொருவரும் மாசசூசெட்ஸ் மண்ணின் மைந்தரே. பெஞ்சமின் தாம்சன் 1753இல் வோபர்னில் பிறந்தார். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் பக்கம் நின்றதால் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. பவேரியாவில் பணியாற்றி ரம்போர்ட் பிரபு என்ற பட்டம் பெற்றார்.

1796இல் அவர் வெளியிட்ட கட்டுரை கணப்பின் வடிவத்தையே மாற்றியது. கணப்பிலிருந்து நமக்கு வரும் சூடு பெரும்பாலும் கதிர்வீச்சாக வருகிறது, சூடான காற்றாக அல்ல என்பதை அவர் அடிப்படையாகக் கொண்டார். ஆகவே ஆழமான கணப்பை ஆழம் குறைந்ததாக்கினார். பக்கச் சுவர்களைச் சாய்வாக விரித்து, அவை சூட்டை அறைக்குள் திருப்பும்படி செய்தார். புகைபோக்கி தொடங்கும் தொண்டைப் பகுதியை ஏறத்தாழ நான்கு அங்குலமாகக் குறுக்கினார். சூடான அறைக்காற்று அளவின்றி மேலே ஓடுவது நின்றது. புகையும் தடையின்றி ஏறியது. புதுக்கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு கொத்தனாரும் சில செங்கற்களும் போதும்.

லண்டனில் இது விரைவில் பரவியது. ஜேன் ஆஸ்டினின் நார்த்தாங்கர் அபே நாவலில், பழங்கால மாளிகையின் பிரம்மாண்டக் கணப்பை எதிர்பார்த்து வந்த கதைத்தலைவி ரம்போர்ட் கணப்பைக் கண்டு ஏமாறுகிறாள். அமெரிக்காவில் தாமஸ் ஜெபர்சன் தம் மான்டிசெல்லோ மாளிகையில் இவ்வகைக் கணப்புகளை அமைத்தார்.

இருவரின் வழிகளும் வேறு. பிராங்கிளின் புகையிலிருந்து சூட்டைப் பிடிக்க முயன்றார். ரம்போர்ட் சுவாலையின் சூட்டை ஆள்மீது திருப்பினார். இன்றைய கொல்லைப்புறக் கணப்புகளும் இவ்விரு வழிகளுள் ஒன்றையே பின்பற்றுகின்றன.

இரும்படுப்பும் இழந்த சுவாலையும்

19ஆம் நூற்றாண்டில் வார்ப்பிரும்பு மலிந்தது. நியூயார்க் மாநிலத்தின் டிராய், ஆல்பனி நகரங்கள் அடுப்புத் தொழிலில் பெயர்பெற்றன. முற்றிலும் மூடிய இரும்படுப்பு குறைந்த விறகில் கூடுதல் சூடு தந்தது. நிலக்கரியையும் எரித்தது. குனிந்து நின்று சமைத்த பெண்களின் முதுகுக்கும், பாவாடையில் தீப்பற்றும் ஆபத்துக்கும் அது பெரிய விடுதலை.

ஆனால் நெருப்பு கண்ணுக்கு மறைந்தது. எழுத்தாளர் நத்தானியேல் ஹாதார்ன் தாம் வாழ்ந்த கான்கார்டு வீட்டில் கணப்புக்குப் பதில் அடுப்பு வந்ததைப் பற்றி 1843இல் ஒரு கட்டுரை எழுதினார். சுவாலையைச் சுற்றி உட்கார்ந்து பேசும் வழக்கம் போனால் குடும்ப உறவும் நட்பும் தளரும் என்பது அவர் கவலை. விளையாட்டும் வருத்தமும் கலந்த நடை அது. விறகு வெட்டிச் சாம்பல் அள்ளியவர்களுக்கு இக்கவலை அவ்வளவாக இருந்திருக்காது. எனினும் அவர் சொன்ன இழப்பு வெறும் கற்பனை அல்ல என்பதைப் பிற்கால வரலாறு காட்டியது.

வேறொரு கோணத்திலிருந்தும் எதிர்ப்பு வந்தது. கேத்தரின் பீச்சரும் அவர் தங்கை ஹாரியட் பீச்சர் ஸ்டோவும் 1869இல் வெளியிட்ட வீட்டு நிர்வாக நூலில், அடைத்த அறையும் மூடிய அடுப்பும் சேர்ந்தால் உடல்நலம் கெடும் என்று எச்சரித்து, அறைக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று வலியுறுத்தினர்.

தேவை போய்ச் சின்னமான கணப்பு

நிலவறையில் ஒரே உலை எரித்து எல்லா அறைகளுக்கும் சூடு அனுப்பும் முறை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவத் தொடங்கியது. இயற்கை எரிவாயுவால் வீட்டைச் சூடாக்கும் உலை அமைப்பு ஒன்றுக்கு ஆலிஸ் பார்க்கர் என்ற கறுப்பினப் பெண்மணி 1919இல் காப்புரிமை பெற்றார். இத்தகைய மாற்றங்களால் கணப்பு வேலையற்றுப் போனது. ஆனால் மறையவில்லை. தேவை நீங்கியதும் அது நினைவுச்சின்னமாயிற்று.

1876இல் பிலடெல்பியாவில் நடந்த நாட்டின் நூற்றாண்டுக் கண்காட்சியில் பழைய நியூ இங்கிலாந்துச் சமையலறை ஒன்று கணப்போடு அமைக்கப்பட்டு, கூட்டத்தை ஈர்த்தது. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட் தம் வீடுகளைக் கணப்பை மையமாக வைத்தே வடிவமைத்தார். பென்சில்வேனியாவில் அருவியின்மீது அவர் 1930களில் கட்டிய ஃபாலிங்வாட்டர் வீட்டில், அங்கே ஏற்கெனவே கிடந்த பாறையைப் பெயர்க்காமல் அதையே கணப்பின் தரையாக்கினார். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1933 மார்ச் 12 முதல் வானொலியில் ஆற்றிய உரைகளுக்குக் கணப்போர உரையாடல் என்ற பெயர் நிலைத்தது. அச்சத்தில் இருந்த மக்களுக்கு ஆறுதல் தரும் பேச்சைக் கணப்போடு சேர்த்து எண்ணுவது அவர்களுக்கு இயல்பாக இருந்தது.

நெருப்பு வெளியே சென்றது

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நகரங்களைச் சுற்றிப் புறநகர்க் குடியிருப்புகள் பெருகின. நியூயார்க் அருகே 1947இல் தொடங்கிய லெவிட்டவுன் அவற்றுள் பெயர்பெற்றது. தெருவைப் பார்த்த திண்ணையில் மாலைநேரம் கழித்த பழக்கம் குறைந்தது. வேலியிட்ட கொல்லைப்புறம் குடும்பத்தின் வெளியறையானது. கலிபோர்னியாவின் தோட்டக் கலைஞர் தாமஸ் சர்ச் 1955இல் எழுதிய நூலின் தலைப்பே தோட்டங்கள் மனிதருக்கானவை என்ற பொருள் தருவது. தோட்டம் பார்ப்பதற்கு மட்டும் அல்ல, உட்கார்ந்து வாழ்வதற்கும் உரியது என்பதே அக்காலப் போக்கு.

முதலில் வெளியே வந்தது சமையல் நெருப்பு. செங்கல்லால் கட்டிய இறைச்சி சுடும் அடுப்பு கொல்லையில் நின்றது. ஹென்றி ஃபோர்டின் கார்த் தொழிலில் மிஞ்சிய மரத்துண்டுகளைக் கரிக்கட்டிகளாக்கி விற்கும் தொழில் 1920களிலேயே மிச்சிகனில் தொடங்கியிருந்தது. 1952இல் சிகாகோ அருகே உலோகப் பட்டறையில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டீபன், கடல் மிதவைக்கான உருண்டைத் தகட்டை இரண்டாக வெட்டி மூடியுள்ள அடுப்பைச் செய்தார். காற்றையும் மழையையும் தாங்கும் வெபர் அடுப்பு அதுதான்.

குளிர்காயும் நெருப்பு பின்னால் வந்தது. மெக்சிகோவில் வழங்கிய சிமினேயா என்ற மண் கணப்பு 1990களில் அமெரிக்கத் தோட்டங்களில் பரவியது. பெருத்த வயிறு, ஒடுங்கிய கழுத்து, முன்பக்கம் ஒரு வாய் என்று பானை போன்ற வடிவம் அதற்கு. தொடர்ந்து இரும்புத் தொட்டிகளும் கல் தீக்குழிகளும் எரிவாயு மேசைகளும் கடைகளுக்கு வந்தன. 2020இல் கோவிட் தொற்றின்போது உள்ளறையில் கூடுவது ஆபத்தாயிற்று. குளிர்காலத்திலும் உற்றாரை வெளியே உட்கார வைத்துப் பார்க்க வேண்டிய நிலையில் கொல்லைப்புறக் கணப்புகளை வாங்குவோர் பெருகினர். நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் ஹாதார்ன் வருந்தி எழுதிய கூடியிருப்பை மக்கள் மீண்டும் நெருப்பைச் சுற்றித் தேடினர்.

இன்றைய வகைகள்

விறகுத் தீக்குழி: வட்டமாகக் கல் அடுக்கியது அல்லது இரும்புத் தொட்டி. இடைக்கால நடுக்கூடத்துக் கணப்பைப் போல எல்லாப் பக்கமும் உட்காரலாம். சுவாலையும் சடசடப்பும் முழுமையாகக் கிடைக்கும். காற்று திரும்பும் பக்கமெல்லாம் புகையும் திரும்பும். ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே உள்ள, நன்கு காய்ந்த விறகே ஏற்றது. பழைய வேலிக்கட்டை, மருந்தேற்றிய பலகை ஆகியவற்றை எரிக்கக் கூடாது. 2003ஆம் ஆண்டுவரை அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கு விற்ற மருந்தேற்றிய மரங்களில் ஆர்சனிக் கலந்திருந்தது. ஆற்றுக் கூழாங்கற்களால் குழி கட்டுவதும் ஆபத்து. உள்ளே தங்கிய நீர் ஆவியாகிக் கல் வெடிக்கும்.

மண் கணப்பு: கழுத்து நீண்டிருப்பதால் புகை தலைக்கு மேல் போகும். முன்பக்கம் இருப்பவர்க்கே சூடு கிடைக்கும். அடியில் மணல் பரப்பி, முதலில் சிறு தீ மூட்டிப் பழக்க வேண்டும். மழையில் நனைந்து பனியில் உறைந்தால் விரிசல் விடும்.

புகை குறைந்த இரட்டைச் சுவர்த் தொட்டி: இரு தகடுகளுக்கு இடையே காற்று சூடேறி மேல்விளிம்பின் துளைகள் வழியாக வெளிவந்து, எரியாத புகைவாயுவை எரித்துவிடும். புகையைத் தானே எரிக்கும் அடுப்பு வேண்டும் என்று பிராங்கிளின் எண்ணியதை இது நினைவூட்டுகிறது. ஆனால் சூட்டின் பெரும்பகுதி நேரே மேலெழும். பக்கத்தில் உட்கார்ந்தவர் முழங்காலுக்கு அது போதாது. துளைகளுக்கு மேல் விறகை அடுக்கினால் புகை குறையும் பயனும் போய்விடும்.

எரிவாயு மேசை: பொத்தானை அழுத்தினால் எரியும், திருகினால் அணையும். புகையும் சாம்பலும் இல்லை. வெப்ப வெளியீட்டை பி.டி.யு. என்ற அலகில் குறிப்பர். 20 பவுண்டு புரொப்பேன் உருளையில் சுமார் 4,30,000 பி.டி.யு. வெப்பம் உண்டு. மணிக்கு 50,000 பி.டி.யு. எரிக்கும் மேசைக்கு அது எட்டரை மணி நேரம் வரும். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே தேங்கும். எனவே மேசையின் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் அவசியம். குழாய்வழி வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது. அதற்கு நிலையான இணைப்பும் தகுதியுள்ள பணியாளரும் வேண்டும்.

சாராய எரிபொருள் கணப்பு: மேசைமேல் வைக்கும் சிறு கிண்ணம். பார்க்க எளிமையானது, ஆனால் மிக ஆபத்தானது. சாராயச் சுவாலை வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அணைந்துவிட்டதென்று எண்ணிப் புட்டியிலிருந்து ஊற்றினால், தீ புட்டிக்குள் ஏறி எதிரில் இருப்பவர் மீது பீறிடும். இவ்வாறு ஊற்றி எரிக்கும் வகைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2024 டிசம்பரில் எச்சரித்தது.

புகையும் சட்டமும்

விறகுப் புகையில் 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைவான நுண்துகள்கள் உண்டு. அவை நுரையீரலின் ஆழம்வரை செல்லும். ஆஸ்துமா, இதயநோய் உள்ளவர்களுக்குக் கேடு மிகுதி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீட்டு விறகடுப்புகளுக்கு 1988இல் முதன்முதலாகவும் 2015இல் கடுமையாகவும் புகை வரம்பு விதித்தது. வெளிப்புறத் தீக்குழி அவ்வரம்புக்குள் வரவில்லை. அந்தப் பொறுப்பை உள்ளூர் அமைப்புகளே ஏற்கின்றன. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 2008இல் வந்த விதிப்படி, காற்று மாசு எச்சரிக்கை நாள்களில் வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் விறகு எரிக்கக் கூடாது.

தீப்பாதுகாப்பிலும் அப்படியே. பல மாநிலங்களும் நகரங்களும் பின்பற்றும் பன்னாட்டுத் தீ விதித்தொகுப்பு, குளிர்காயத் திறந்தவெளியில் மூட்டும் தீ மூன்று அடி அகலத்துக்கும் இரண்டு அடி உயரத்துக்கும் மிகாமல், கட்டடத்திலிருந்து 25 அடி தள்ளி இருக்க வேண்டும் என்கிறது. ஊருக்கு ஊர் இது மாறும். ஆகவே வாங்குவதற்கு முன் உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்திலும், குடியிருப்போர் சங்கம் இருந்தால் அங்கும் கேட்டறிவது வழக்கம். 1631ஆம் ஆண்டு பாஸ்டன் கட்டளையின் தொடர்ச்சியே இவ்விதிகள்.

இவை வெறும் சடங்கல்ல. 1991 அக்டோபர் 19ஆம் நாள் கலிபோர்னியாவின் ஓக்லாந்து மலைச்சரிவில் ஒரு புல்தீ அணைக்கப்பட்டது. மறுநாள் பலத்த வறண்ட காற்றில் அடங்கிக் கிடந்த கனல் மீண்டும் மூண்டது. 25 பேர் இறந்தனர். ஆயிரக்கணக்கான வீடுகள் அழிந்தன. அது கொல்லைப்புறக் கணப்பால் வந்த தீ அல்ல. ஆனால் அணைந்ததாக எண்ணிய கனல் என்ன செய்யும் என்பதை அப்பகுதி மக்கள் அன்று கண்டனர்.

தேர்ந்தெடுக்கும் முறை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து தேர்வுக்கான வழியும் கிடைக்கிறது. முதலில் புகை. பக்கத்து வீட்டுச் சன்னல் அருகில் இருந்தாலோ, குடும்பத்தில் மூச்சுத்திணறல் உள்ளவர் இருந்தாலோ எரிவாயு மேசையே ஏற்றது. பரந்த இடமும் காய்ந்த விறகும் உள்ளவர்க்கு விறகுத் தீக்குழி பொருந்தும். இவற்றுள் எதுவானாலும் கூரையடைத்த இடத்தில் எரிக்கக் கூடாது. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கார்பன் மோனாக்சைடு அங்கே சேரும்.

அடுத்து சூடு. எத்தனை பேர் உட்காருவர், எந்தப் பக்கத்திலிருந்து காற்று வரும் என்பதைப் பார்க்க வேண்டும். சுற்றி உட்காரத் தாழ்ந்த தீக்குழி நல்லது. காற்று மிகுந்த இடத்தில், பின்சுவரும் சாய்ந்த பக்கச் சுவரும் உள்ள செங்கல் கணப்பை ரம்போர்ட் முறையில் கட்டினால் முன்னிருப்பவர்க்குச் சூடு நன்கு சேரும்.

மூன்றாவது காவல். மரக்கிளை, கூரைவிளிம்பு, வேலி ஆகியவை தள்ளியிருக்க வேண்டும். நீர்க்குழாயோ மண்வாளியோ கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் பெரியவர் ஒருவர் கடைசிவரை அங்கேயே இருக்க வேண்டும். விறகு எரித்தவர் நீர் ஊற்றிக் கிளறி மீண்டும் ஊற்ற வேண்டும். மேலே சாம்பல் பூத்த கனல் உள்ளே பல நாள்கள் உயிரோடு இருக்கும் என்பதால், சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி வீட்டைவிட்டுத் தள்ளி வைக்கும்படி தீயணைப்புத் துறையினர் இன்றும் சொல்கின்றனர். கனலை மூடி எடுத்துச் செல்லுங்கள் என்று 1735இல் பிராங்கிளின் பிலடெல்பியா மக்களுக்குச் சொன்னதும் அதையே.